சித்தீக் போட்ட புகைக்குழாய்

விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது சித்தீக்கின் உம்மா ரசியா பேகம் இருமத் தொடங்கினார்.

"டாக்டர்ட்ட போகலாம் உம்மா."

"சும்மா தொண்டைக் கமறல்டா. நீ புறப்படுற வேலையப் பாரு" என்றவர், மகன் பெட்டியைத் தொட்டதும் இன்னும் பலமாக இருமினார்.

சித்தீக் ஷார்ஜாவில் பதினோரு வருடமாக ஏசி டக்ட் போடுகிறவன். காற்று போகும் தகரக் குழாய்க்கு அங்கே அதுதான் பெயர். திருவாரூரில் அவன் வீடு அறுபது வருடப் பழசு. அடுப்படிப் புகை வெளியேற ஒரு சாண் ஜன்னல்தான்.

"நோய் உம்மாட்ட இல்ல, வீட்டுல இருக்கு" என்று மனைவி பர்வினிடம் தீர்ப்பு சொல்லிவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான்.

"அப்ப பெருநாளுக்கு இருப்பீங்களா?"

"காத்து சரியாகுற வரைக்கும் இருப்பேன்."

அடுப்படியின் பின்சுவர் பக்கத்து வீட்டு நடராசனுக்கும் பொது. அதனால் புகையை வெளியேற்ற அவன் போட நினைத்த தகரக் குழாய் உம்மாவின் அறை வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. கொத்தனார் மருதையன் இரண்டு சுவர்களில் ஓட்டை போட்டார்.

அடுப்பு மூட்டியதும் புகை குழாயின் இணைப்புகளில் கசிந்து உம்மாவின் கட்டிலில் இறங்கியது.

"இழுவை பத்தல" என்று கொல்லை முனையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். கரண்ட் இருந்தவரை இழுத்தது. கரண்ட் போனதும் பின்னாலிருந்த ரைஸ் மில்லின் உமித்தூசி உள்ளே வந்தது. ஃபேனைக் கழற்றி மூடி போட்டான். புகை மொத்தமும் அறையிலேயே தங்கியது.

"பழைய ஜன்னலே தேவலை போல தம்பி" என்றார் மருதையன்.

"அண்ணே, முப்பது மாடிக்கு டக்ட் போட்டவன் நான்."

"அங்க யாரும் விறகு எரிக்கலியே!"

பெருநாள் வந்து போனது. இருமல் போகவில்லை. நடராசன் வீட்டுப் போனில் ஷார்ஜா ஃபோர்மேன் கூப்பிட்டார்: சனிக்கிழமை வராவிட்டால் விசா ரத்து.

"உம்மாவ இப்படி விட்டுட்டு எப்படிண்ணே போறது?" என்று மருதையனிடம் கேட்டுவிட்டு சித்தீக் மறுபடியும் குழாயின் இணைப்புகளைத் தட்டிப் பார்த்தான்.

வியாழக்கிழமை காலை, கசிவைக் கண்டுபிடிக்கக் கொல்லையில் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து குழாய்க்குள் தலையை விட்டான். அடுப்படியில் பர்வினும் உம்மாவும் பேசுவது காதுக்குள் பேசுவதுபோல் கேட்டது. அந்தக் குழாயில் ஒழுங்காக வந்து சேர்ந்த முதல் சங்கதி அதுதான்.

"மாமி, பெருநாளுக்கு நிறுத்தி வைக்கத்தானே இருமச் சொன்னேன்? அதான் முடிஞ்சிடுச்சே! விசா போயிடும், நடிச்சது போதும்."

"நடிக்கிறேனா? அதெல்லாம் முதல் மூணு நாள்தான்டி. இவன் குழாய் போட்டதுலேர்ந்து நெசமாவே இருமுறேன்!"