காற்றை ஏமாற்றும் தோட்டா

"கர்ர்ர்... கோசோங்," என்றது வாக்கி டாக்கி.

ஐந்தாவது தோட்டாவும் சைபர். சுகுமாரனுக்கு வாயெல்லாம் பல். தான் வாங்கிய சைபருக்குத் தானே பூரித்துப்போன மனுஷனை அந்தத் திடல் அன்றுதான் பார்த்தது.

"பாத்தியா உஷா, மலிவுத் தோட்டா லட்சணத்தை? அறுநூறு மீட்டர் போறதுக்குள்ள காத்து அதைத் தள்ளிட்டுப் போயிருது."

பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மனைவி உஷாராணி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அடுத்த அஞ்சையும் சுடுங்க, பாப்போம்."

கோலா குபு பாரு போகும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய துப்பாக்கி சுடும் திடல் அது. ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் சுகுமாரன் ஞாயிறு தவறாமல் அங்கே வந்து குப்புறப் படுத்துவிடுவார். இப்போது ஒசத்தித் தோட்டா மேல் மோகம். கூர் மூக்கு, ஒல்லி வால், காற்று தடுக்கவே தடுக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். விலை மூன்று மடங்கு.

"அவ்வளவு வொர்த்தா?" என்று உஷாராணி கேட்கப்போய் அது பந்தயமாகிவிட்டது. சாதாரணத் தோட்டா ஐந்து, ஒசத்தி ஐந்து. ஒசத்தி ஜெயித்தால் அவள் இனி வாயைத் திறக்க மாட்டாள். தோற்றால், அடுத்த ஞாயிறு முதல் புக்கிட் செந்தோசா மண்டபத்தில் அவளோடு அவர் ஜூம்பா நடன வகுப்பில் ஆட வேண்டும். அங்கே முப்பது பெண்கள், ஆண் வாடையே கிடையாது.

வெயில் கானலில் ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இலக்குக்குக் கீழே குழியில் உட்கார்ந்திருந்த செல்லன், இரைச்சல் போடும் வாக்கி டாக்கியில் மலாயில் மார்க் சொன்னால்தான் உண்டு.

சுகுமாரன் முதல் ஒசத்தித் தோட்டாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுட்டார்.

"கர்ர்ர்... கோசோங்."

"காத்து தடுக்காதுன்னீங்க. அப்ப எதுங்க தடுத்துச்சு?"

"ஸ்கோப் சரியில்ல லா," என்று அதன் திருகை இரண்டு கிளிக் திருப்பிச் சுட்டார்.

"கர்ர்ர்... லாப்பான்."

எட்டு! சுகுமாரனுக்கு உயிர் வந்தது. இரண்டு கிளிக்குக்கே எட்டு என்றால் இன்னும் இரண்டுக்குப் பத்து வராதா? திருகினார்.

"கர்ர்ர்... எனாம்."

ஆறுதான். போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் திருகினார். மூன்று வந்தது. கடைசியாகத் திருகு நிற்கும் வரை திருகினார். இரண்டு.

உஷாராணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஒசத்திக்குப் பத்தொம்போது, மலிவுக்குச் சைபர். சரிங்க, நான் தோத்துட்டேன். இனி கேக்கமாட்டேன்."

சுகுமாரன் துள்ளி எழுந்து, புல்லிலேயே இடுப்பை ஆட்டி இரண்டு சுற்று வந்தார்.

"நல்லாத்தான் ஆடுறீங்க. பேசாம வகுப்புக்கு வந்திருக்கலாம்," என்றாள் அவள். அவர் காதில் வாங்கினால்தானே. பெண்டாட்டியை ஜெயித்த சந்தோஷம் லேசில் கிடைக்கிறதா?

அதற்குள் செல்லன் இலக்குக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

"அண்ணே, மொத ஆறும் நட்ட நடுவுல, பத்துக்குப் பத்து. 'சத்து கோசோங், சத்து கோசோங்'னு ஒண்ணையும் சைபரையும் கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. அதுக்கப்புறம்தான் ஏதோ மட்டமான தோட்டா போட்டுட்டீங்க போல."