கை நனைக்கச் சொன்ன கண்

ஒருவனுடைய முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சுமந்துகொண்டு திரிகிறவனுக்கு மட்டும் தெரியாது. இதை நான் என் தங்கை சத்யாவின் கல்யாணப் பேச்சில் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு முகவாதம் வந்து இடப்பக்கம் மொத்தமும் படுத்துவிட்டது. டாக்டர் மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்துப் பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையாக இருக்க யார் விட்டார்கள்? பாலக்கோட்டில் என் உரக்கடைக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பலூன் ஊது என்றார்கள், ஊதினேன். சூயிங்கம் மெல்லு என்றார்கள், தாடை கழன்றுவிடும்படி மென்றேன். (அந்த வருடம் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் பலூன் என் உபயம்தான்.) சில மாதங்களில் வாய் நேரானது. சீக்கு போய்விட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஜனங்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு விளங்கவில்லை. யூரியா ஸ்டாக் இல்லை என்றால், வந்தவர்கள் போகாமல் ஓரமாய்ச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தாமல் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வாயை அசைத்தால் என் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். நாகரிகம் கருதிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த நிலையில்தான் சத்யாவுக்கு வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், காபி தண்ணீருக்குத் தடையில்லை. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம், அப்புறம் பின்வாங்கக் கூடாது. சத்யா தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போவணும்ணா. அதுக்கு அவங்க சரின்னு சொன்னாத்தான் நீங்க கை நனைக்கணும். மாமா மறந்துடுவாரு. நீதான் கேக்கணும்” என்றாள். அப்பா இல்லாத பெண், வேறு யாரிடம் சொல்வாள்?

அப்பா ஸ்தானத்தில் பேச வந்தவர் எங்கள் தாய்மாமன். காரிலேயே அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நான் விஷயத்தைக் கேட்க வேண்டும், பதில் திருப்தி என்றால் மாமாவுக்குக் கண்ணைக் காட்ட வேண்டும், உடனே அவர் சாப்பாட்டுக்குச் சம்மதிப்பார். கேட்கும்போது கச்சிதமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கே வந்து அழைத்தார். பேச்சுவாக்கில், எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்லைங்க என்று பெருமையாக வேறு சொல்லி வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி, கையிலிருந்த காபியை உதடு குவித்து ஊதினேன். எதிரே மாமாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை ஊதினேன்.

“அப்பறம் என்னங்க, எங்களுக்குப் பூரண சம்மதம். எலயப் போடச் சொல்லுங்க” என்றார் மாமா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மாமா” என்றேன் பதறிப்போய். மாமாவைக் கூப்பிட உதடு இரண்டு முறை மூடித் திறக்க வேண்டும். கண்ணும் கூடவே போய்வந்தது.

“தெரியுது, தெரியுது. ஒருக்கா காட்னாப் போதாதா?” என்று அவர் காதோடு சொல்லி, என்னைப் பந்திக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, மாமா கையும் நனைந்தது. தங்கை வேலை போச்சே என்று எனக்கு அழுகையே வந்தது. இனி மானம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று, பக்கத்து இலையிலிருந்த சம்பந்தியிடம் எல்லாரும் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டேன்: “எங்க பொண்ணு வேலய மட்டும் விடமாட்டாளுங்க. அதுக்கு நீங்க சம்மதிக்கணும்.”

சம்பந்தி என்னை உற்றுப் பார்த்தார். முறைத்த முகம் மெல்லச் சிரிப்பாக மாறியது. “போவட்டும், போவட்டும். தாராளமாப் போவட்டும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தங்கமான மனுஷன்தான், ஆனால் எதற்குக் கண்ணடிக்கிறார் என்று குழம்பிக்கொண்டே ரசம் சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் மாமாவிடம் சண்டைக்குப் போனேன். நீதானே விடாமல் கண்ணைக் காட்டினாய் என்றார். நான் எங்கே காட்டினேன் என்றேன். டிரைவர் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். “மாமா” என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளேயிருந்த ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மறுபடி டாக்டரிடம் ஓடினேன். செத்த நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிப் போய்விடுவதுண்டாம். கிணற்று மோட்டாருக்குச் சுவிட்ச் போட்டால் வீட்டு பல்ப் எரிகிற மாதிரி, வாய்க்குப் போகவேண்டிய உத்தரவு கண்ணுக்கும் போய்ச் சேருகிறது. பலூன் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார், முரட்டுப் பயிற்சியே கூடாதாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்தபடி வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழகச் சொன்னார். கண்ணோரத்தில் ஓர் ஊசியும் போட்டார். அது சில மாதம் கண்ணை அடக்கி வைக்கும், அப்புறம் அது தன் புத்தியைக் காட்டும், மறுபடி ஊசி.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. லீவு முடிந்து சத்யா வேலைக்குக் கிளம்பிய காலையில் சம்பந்தியிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“ஏந்தம்பி, புள்ள நெசமாவே வேலைக்குக் கெளம்புதே?”

“நீங்கதானுங்களே போவட்டும்னு சொன்னீங்க.”

“நீ கண்ணடிச்சிக்கிட்டுத்தானப்பா கேட்ட? சும்மா ஒப்புக்குக் கேக்கறியாக்கும்னு நெனச்சிட்டேன்.”

என் நரம்பு வழி மாறிப்போன கதையைச் சொன்னேன். எப்படியிருந்தாலும் பந்தியில், இலை முன்னால் உட்கார்ந்து, இத்தனை பேர் காதில் விழச் சொன்ன வார்த்தை அது. முணுமுணுத்துக்கொண்டே அவரே அவளை பஸ் ஏற்றிவிட்டார். பிறகு தினமும் ஏற்றிவிட்டார்.

போன மாதம் சத்யாவைச் சேலம் கிளைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். தினம் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். மாமனாரிடம் சொல்ல வழக்கம்போல என்னைத்தான் அனுப்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி எழுந்து வந்து, கட்டைவிரலால் என் இடது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லு” என்றார்.

சொன்னேன். விரலை எடுக்காமலே, “போவட்டும்” என்றார்.