அப்பாவுக்குக் கிடைத்த தண்ணி லைசென்ஸ்

ரந்தாவ், 1955

அன்புள்ள மணியம் மாமாவுக்கு,

பராசக்தி வணங்கி எழுதுவது. ஆபீசில் நாள் முழுவதும் மனு படிக்கிற மனிதருக்கு வீட்டுக்குமா ஒன்று அனுப்புவது என்று அத்தை கோபிப்பார்கள், மன்னிக்கவும். இங்கு எல்லோரும் நலம், அப்பாவின் டைனமோவைத் தவிர.

தோட்டத்து ஆற்றில் சக்கரம் போட்டு, பழைய டைனமோவைப் பூட்டி, லயத்து வீடுகள் முழுக்க விளக்கு எரியவைக்கப் போகிறார் அப்பா. லைசென்ஸ் வாங்கினால் சரி என்று தோட்டத்துத் துரையும் சொல்லிவிட்டார். "பட்டம் வாங்குன பொண்ணு. அவ கல்யாணம் மண்ணெண்ணெய் வெளக்குல நடக்காது, சொல்லிப்புட்டேன்" என்று சம்பந்தி வீட்டிலேயே அப்பா சபதம் போட்டுவிட்டதால் மாப்பிள்ளை திருநாவுக்கரசும் நானும் இப்போது ஆற்றை நம்பி நிற்கிறோம்.

கரண்டு ஆபீசில் முதலில் தண்ணீருக்கு அனுமதி வாங்கு என்றார்கள், தண்ணீர் ஆபீசில் முதலில் கரண்டுக்கு வாங்கு என்றார்கள், போலீஸ் சார்ஜன்ட் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகள் உன் கரண்டில் ரேடியோ கேட்டால் என்ன செய்வாய் என்றார். "கேக்கட்டும் லா. பாட்டு கேக்குறவன் சுடவா போறான்?" என்றார் அப்பா. ஊரடங்குக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்ததே அம்மன் புண்ணியம்.

கடைசியாகப் போன ஆபீசில் மேசையில் உட்கார்ந்து எழுதும் தமிழ்க் கிராணி ஒருவரைக் கண்ட சந்தோஷத்தில் அப்பா, "ஐயா, எஸ்டேட்டுக்கு ஒரு தண்ணி லைசென்ஸ் வேணும்" என்றுவிட்டார்.

"யாருக்கெல்லாம்?"

"லயத்துல எல்லாருக்கும்தான். பொம்பளைங்களுக்கு, படிக்கிற புள்ளைங்களுக்கு."

"புள்ளைங்களுக்குமா?"

"அதுங்களுக்குத்தாங்க முக்கியம். பொழுது சாஞ்சா இது இல்லாம எப்படிப் படிக்கும்?"

கிராணி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல எஸ்டேட்டுப்பா உங்களுது" என்று வேறொரு தாளில் அவரே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்கவில்லை.

எந்த அனுமதியும் இத்தனை வேகமாக வந்ததில்லை. மறுவாரமே அப்பா பெயருக்கு வந்துவிட்டது: தங்கராஜு அவர்கள் கள்ளுக்கடை நடத்தலாம். இப்போது சாயந்திரமானால், "கடை எப்பண்ணே தொறக்குற?" என்று வாசலில் கூட்டம். அம்மா துடைப்பத்தைக் கீழே வைப்பதில்லை.

உண்மையான மனு இப்போது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறதாம். சீக்கிரம் மேலே அனுப்பிவைக்கும்படி அப்பா கேட்டுக்கொள்கிறார். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கள் மருமகள்,
பராசக்தி

பின்குறிப்பு: அப்பா இதைப் படித்துச் சிரித்துவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருஷம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஆத்துத் தண்ணி எங்க போயிரும்? போயிட்டு வா" என்றார். அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆகவே மாமா, அந்த மனுவை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் ஆபீசில் வழக்கமாக வைக்கிற இடத்திலேயே வைத்துவிடுங்கள்.