கேப்டனின் முப்பத்தோராவது நினைவூட்டு

வந்த கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். இயலாவிட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். அரசு அலுவலக நடைமுறை நூல் அப்படித்தான் சொல்கிறது. இந்த விதியை முழுமனதாக நம்பிய ஒரே ஜீவனை நான் சந்தித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் அவளை எல்லோரும் கேப்டன் என்றார்கள். பூண்டு விவசாயி மகள். வர்த்தக விமானி உரிமம் வாங்கி, இருநூறு மணி நேரம் பறந்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி அப்பாவின் ஜீப்பை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். விமான நிறுவனங்கள் ஐந்நூறு மணி நேர அனுபவம் கேட்டன. முதல் வேலையே கிடைக்காமல் மீதி முந்நூறுக்கு எங்கே போவது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தைத் திருத்தி வாங்கக் கொடைக்கானலில் என் வீட்டுக்கு வந்தாள். பதில் வராவிட்டால் மாதா மாதம் ஒன்றாம் தேதி நினைவூட்டு அனுப்பச் சொன்னேன். தனியார் நிறுவனத்துக்கு நம் நூல் பொருந்தாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தொடங்கியது. ‘பார்வை: எனது நினைவூட்டுகள் ஒன்று முதல் பதினெட்டு வரை’ என்று மேலே எழுதி, பழைய நகல்களையெல்லாம் பச்சை நாடாவில் கோத்து, பதிவுத் தபாலில் அனுப்புவாள். எல்லாவற்றையும் கணினியில் பார்க்கும் அந்தக் கம்பெனிக்காரர்கள் நாடாவை அவிழ்க்கவே ஆள் தேடியிருப்பார்கள்.

ஜீப்பிலும் அவளுக்கு விமானம்தான். புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து டயர், விளக்கு, பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்ப்பாள். மூட்டைகளோடு ஆட்களையும் எடை பார்த்து உட்கார வைப்பாள். முன் சீட்டைத் தன் பரம்பரைச் சொத்தாக நினைத்த பெருத்த கான்ட்ராக்டர் ஒருவர், பாரம் சரியில்லை என்று பின்னால் பூண்டோடு பூண்டாகப் போனார்.

ஒருநாள் வழியில், பூம்பாறைக்கு அருகே பனிமூட்டம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். கொடைக்கானலில் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போகும் லாரி காத்திருந்தது. மூட்டைக்குச் சொந்தக்காரர் பொறுமையிழந்தார்.

“ஏ தாயி, ரோடு நல்லாத்தானே கெடக்கு. வெரசா போ, லாரி போயிரும்.”

“முன்னால நூறடி தெரியல மாமா. தெளியட்டும்.”

“நீ என்ன, பிளேனா ஓட்டுற?”

“பிளேன்னா மதுரைக்குத் திருப்பிருப்பேன். ஜீப்புல்ல, நின்னுதான் ஆகணும்.”

லாரி போய்விட்டது. பூண்டு அடுத்த சந்தைக்குத்தான் இறங்கியது. மாமா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப அவள் ஜீப்பைத் தவிர வேறு வண்டியைத் தேடவுமில்லை.

இரண்டரை ஆண்டு ஓடியது. விமானிக்கு வேண்டிய மருத்துவச் சான்றை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். பறக்காத விமானியை எவனும் எடுக்கமாட்டான். நாள் ஆக ஆக அவள் வாய்ப்பு தேய்ந்துகொண்டே வந்தது. கவுஞ்சியில் கேலி கூடியது. முப்பத்தோராவது வரைவோடு அவள் வந்தபோது மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை, நான் சொன்னது தப்பு யோசனை.

அவள் சிரித்தாள்.

“அது எனக்கு அப்பவே தெரியும் சார். மாசத்துல ஒரு நாளாவது பேருக்குக் கீழ ‘விமானி’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட வேணாமா? இல்லாட்டி எனக்கே மறந்துரும்ல.”

விதியை நம்பியது நான் மட்டும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திக் கொடுத்தேன்.

முப்பத்தோராவது போன பிறகு, சரக்கு விமானங்கள் வைத்திருந்த ஒரு சின்ன நிறுவனம் ஐந்நூறு மணி நேரம் கேட்காமல் தேர்வுக்கு அழைத்தது. போனாள், எழுதினாள், ஓட்டிக் காட்டினாள், திரும்பி வந்து மறுநாள் வெள்ளனே ஜீப்பை எடுத்தாள்.

பிறகு ஒருநாள் உறை பிரித்த ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தாள். இணை விமானியாக வந்து சேரவும் என்றிருந்தது. பார்வை எண் இல்லை. பெறுநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பொருள் என்று ஒரு வரிகூட இல்லை. அத்தனை பிழையுள்ள கடிதத்தை என் வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்டது அன்றுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

சேர வேண்டிய நாள் ஜூலை பதினேழு, வியாழக்கிழமை.