ஜனாதிபதியைத் தூக்கிக்கொண்டு ஆறு மைல்

எதையும் பட்டியல் போட்டுச் செய்தால் தவறு வராது என்று நம்புகிறவள் நான். (இன்னும் நம்புகிறேன். என்ன செய்ய?) ஆனால் என் மிகப் பெரிய அவமானம் ஒரு ஒழுங்கான பட்டியலிலிருந்துதான் பிறந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டெக்னிக்கல் பரீட்சை தேறி, பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் டீச்சராக இருந்தேன். நெய்யாற்றின்கரைப் பொருட்காட்சியில் என் கைவேலை பள்ளி இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம் என்றார் தலைமையாசிரியர். அடிமைகளை விடுவித்த முன்னாள் ஜனாதிபதிக்கு அமெரிக்கர்கள் கட்டிய நினைவு மண்டபத்தைப் படம் பார்த்து பிளாஸ்டரில் செய்தேன். நாலரை அடி நீளம், முப்பத்தாறு தூண், உள்ளே நாற்காலியில் ஜனாதிபதி.

எடுத்துப்போவது எப்படி? ஆடக் கூடாது, நாலு பேர் பிடிக்க வசதி வேண்டும், தூசி படக் கூடாது. மூன்றுக்கும் பொருந்தியது எங்கள் சபையின் சவம் தூக்கும் மஞ்சமும் அதன் வெள்ளைத் துணியும்தான்.

திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். ஊர்வலங்களுக்குத் தடை, சவ அடக்கத்துக்கு மட்டும் விலக்கு. (இது என் பட்டியலில் இல்லை.)

அண்ணனும் மூன்று கூட்டாளிகளும் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் சவம் எதிர்ப்பட்டால், யார் என்று கேட்காமல் கொஞ்ச தூரம் கூட நடப்பது மரியாதை. வழியில் வந்தவர்கள் நடந்தார்கள். ஒரு அக்கா அழுதுகொண்டே கீர்த்தனை எடுத்துக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் அறுபது பேர்.

"சொல்லிரலாமா மக்கா?" என்றான் அண்ணன். பாட்டு முடியட்டும் என்றேன். பாட்டு முடியவில்லை.

ஆறாவது மைலில் போலீஸ் மறித்தது. ஏட்டு மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது, அதுதான் சிக்கல்.

"ஆரு மரிச்சது?"

"அமெரிக்க ஜனாதிபதி."

"எப்போ?"

"தொண்ணூறு வருஷம் ஆச்சு."

பின்னால் அந்த அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. ஏட்டு துணியை விலக்கினார். பீடத்தில் நான் தமிழில் எழுதியிருந்தேன்: அடிமைகளை விடுவித்தவர். எந்த அடிமைகள், யாரிடமிருந்து என்று விசாரித்தார். அந்த வருஷம், அந்த ரோட்டில், நியாயமான சந்தேகம்தான். கடைசியில் இரங்கி, அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் போகலாம் என்றார்.

அண்ணன் என் காதில், "சுரண்டிருவோம் மக்கா, உன் வேலையாக்கும்," என்றான். பள்ளி இன்ஸ்பெக்டர் மத்தியானமே கிளம்பிவிடுவார் என்பது எனக்கும் தெரியும்.

"சாரே, செஞ்சதும் நான், எழுதினதும் நான். ஒரு எழுத்தும் போகாது," என்றேன்.

ஜனாதிபதி ஸ்டேஷனுக்குப் போனார். சாயங்காலம்வரை நாங்களும் அங்கேதான். வேலை நிரந்தரமாகவில்லை. வேறு பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் நான் தற்காலிகம்தான்.

பெண் பார்க்க வருகிறவர்கள், சிலோனிலோ மலேயாவிலோ சொந்தம் உண்டா என்று கேட்பது வழக்கம். அண்ணன் முகம் மாறாமல் சொல்வான்: "அமெரிக்காவில ஒருத்தர் உண்டு. தூக்கிட்டுப் போனோம், அடக்கம் பண்ண போலீஸ் விடல்ல."

நான் காப்பித் தட்டை வைத்துவிட்டுச் சொல்வேன்: "எழுத்தைச் சுரண்ட நான் விடல்ல. அதையும் சேர்த்துச் சொல்லு."