அம்மன் போட்ட அக்ரிமெண்ட்

மற்ற சாமியார்கள் வாயால்தான் அருள் கொடுப்பார்கள். நடக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? குஜிலியம்பாறைப் பக்கம் வந்து இறங்கிய ஒச்சப்பன் அப்படியில்லை. எழுதியே கொடுத்தார். அதுவும் முத்திரைத்தாளில்! முதல் பார்ட்டி அம்மன், இரண்டாம் பார்ட்டி பக்தர்.

போர் போட்டும் தண்ணீர் வராதவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை அமையாதவர்கள் எல்லாரும் திண்டுக்கல்லிலிருந்து வேன் பிடித்து வந்து வெயிலில் நின்றார்கள். மோர் விற்றவருக்கு மட்டும் அம்மன் உடனுக்குடன் அருள்பாலித்தாள்.

கையெழுத்துப் போடும் காட்சிதான் அற்புதம். மஞ்சள் பூசிய முத்திரைத்தாளை ஒச்சப்பன் தூக்கிக் காட்டுவார். செம்பிலிருந்து தெளிந்த தீர்த்தத்தை எடுத்து வேப்பிலையால் தெளிப்பார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பாகும்.

"ஆத்தா கையெழுத்துப் போட்டுட்டாடா!"

குலவைச் சத்தம் காதைக் கிழிக்கும்.

அன்றைக்கு நாகஜோதியின் முறை. அவளுக்கும் புருஷன் வேலுசாமிக்கும் மானாவாரியில் கடலை போடும் இரண்டு ஏக்கர்தான் சொத்து. அதில் ஒன்றை ஒச்சப்பனின் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தால், வறண்ட போரில் அம்மன் தண்ணீர் கொடுப்பாளாம். புருஷன் பெண்டாட்டியோடு அமலராணியும் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நாகஜோதியோடு ஒரே பெஞ்சு, இப்போது திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல்.

"ஏடி, இதப் படிச்சுப் பாத்தியா?"

"சாமி குடுத்தத எதுக்குடி படிக்கணும்?"

அமலராணி வாங்கி உரக்கப் படித்தாள். "தண்ணீர் வராவிட்டால் அது பக்தரின் பக்திக் குறை. நிலம் திருப்பித் தரப்பட மாட்டாது." வேலுசாமியைப் பார்த்தாள். "ஏண்ணே, நீங்க நிலம் குடுக்குறீக. எதிராளி என்ன குடுக்குறாக?"

"தண்ணிம்மா."

"வந்தா வரும், வராட்டி உங்க குத்தம். அப்ப ஒண்ணும் குடுக்கலைன்னுதான அர்த்தம்? குடுக்கறதுக்குப் பதிலா ஒண்ணு வரணும்ணே. சட்டத்துல அத மறுபயன்னு சொல்லுவாங்க. அது இல்லாட்டி இது வெறும் காயிதம்."

ஒச்சப்பனுக்கு முகம் கறுத்தது. "ஏத்தா நாகஜோதி, கையெழுத்துப் போடாம எந்திரிச்சே, உன் மாட்டுக்கும் ஆகாது, மகனுக்கும் ஆகாது!"

நாகஜோதி பதறிப் பேனாவை எடுத்தாள். அமலராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. மிரட்டி வாங்குற சம்மதம் சம்மதமே இல்லடி."

"ஆத்தாளே சம்மதிச்சுக் கையெழுத்துப் போடுறா. அதுக்கு என்ன சொல்றீக வக்கீலம்மா?" என்றார் ஒச்சப்பன்.

"அதையும் பாத்துருவோம்."

பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். 'ஒச்சப்பன் சொல்வது அத்தனையும் பொய்' என்று பெரிதாக எழுதினாள். பூசைத் தட்டில் இருந்த மஞ்சளை அள்ளித் தேய்த்தாள். ஒச்சப்பன் பாய்வதற்குள் செம்பை எடுத்துத் தெளித்துவிட்டாள்.

தாள் சிவந்தது.

"என்னப்பு, ஆத்தா ஒத்துக்கிட்டா! உங்க கணக்குக்கு இதுவும் அக்ரிமெண்ட்தான?"

குலவை போட ஒருத்தியும் இல்லை. நாகஜோதி செம்புக்குள் விரலை விட்டாள். அடியில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"அடியே... சுண்ணாம்புடி! ஆரத்திக்குக் கரைக்கிற சுண்ணாம்பு!"

கூட்டத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாதவள் அங்கே யார்? எத்தனை கல்யாணத்துக்கு அவர்களே கரைத்திருப்பார்கள்! ஆனால் தட்டில் சிவந்தால் ஆரத்தி, முத்திரைத்தாளில் சிவந்தால் அற்புதம்.

நாகஜோதி தன் அக்ரிமெண்டை நாலாகக் கிழித்தாள். போன வாரமே நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்ட ஜக்கம்மாள் முன்னால் வந்து ஒச்சப்பனின் துண்டைப் பிடித்தாள்.

"ஏலே, என் காட்ட என்னலே செஞ்ச?"

"பயப்படாதீகம்மா," என்றாள் அமலராணி. "ஏமாத்தி வாங்குனத ஏமாந்தவக ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். நாளைக்கே கேஸ் போடுவோம். அந்தத் துண்ட மட்டும் விட்டுறாதீக."

கூட்டம் கலைந்தபோது வேலுசாமி மெல்ல அமலராணியிடம் வந்தார்.

"ஏம்மா, பழனிப் பக்கம் ஒரு சாமி இருக்காராம். அவரு நோட்டரி சீலு வச்சே குடுக்குறாராம். அவரு நல்லவராத்தான இருப்பாரு?"

அமலராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

சந்தையில் தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்க்கிறோம். சாமியாரை மட்டும் யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. பார்த்துத் தொலையுங்கள். முக்கால்வாசி அழுகல்தான்.