ஸ்பிரிங்வெளியில் நான் ஜெயித்த ஆட்டம்

திருந்திவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்த ஆண்களில் என்னைப் போலக் கேவலமாக மாட்டிக்கொண்டவர் இருக்க முடியாது.

என் மாமனார் இறந்த அன்று நான் திருச்சியில் ஒரு கிளப்பில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவி சுமதி ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இலங்கைக்கு ஒரு வாரம் போய்வரலாம் என்று நான் கெஞ்சியபோது ஒரே நிபந்தனை போட்டாள். அந்த வாரம் முழுக்கச் சீட்டைத் தொடக் கூடாது. தொட்டால் திரும்பியதும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். (சும்மா மிரட்டுகிறவள் இல்லை. தன் பெட்டியைத் தனியாகத்தான் கட்டியிருந்தாள்.)

நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் பதுளையில், ரயில் களைப்பில் அவள் விடுதியில் தூங்கிவிட்டாள். தேயிலைத் தூள் வாங்கப் போவதாகக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நழுவினேன். நிசாம் என்ற ஆட்டோக்காரரிடம் போய், கள்ளக் கடத்தல்காரன் மாதிரி குரலைத் தாழ்த்தினேன்.

“இங்க எங்கயாவது போக்கர் ஆடுவாங்களா?”

“போக்கரெல்லாம் கொழும்புலதான் சேர். காட்ஸ்னா, இன்னைக்கி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துல ஒரு வீட்டுல விளையாடுவாங்க. நானும் அங்க தலையக் காட்டணும். ஏறுங்க.”

அவருக்கும் நம் வியாதிதான் போல என்று மகிழ்ந்துபோனேன்.

தோட்டத்துப் பாதை நெடுக நூலில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்தேன். (அந்த நாட்டில் அது எதற்கு அடையாளம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியுமாம்.) லயத்து வரிசை வீடுகளில் ஒன்றின் முன்னால் தார்ப்பாய்ப் பந்தல். நிறைய நாற்காலிகள். உட்காருவதற்குள் பால் விடாத பிளேன்டி வந்தது. அழுகைச் சத்தம் கிடையாது. எங்கள் கிளப்பில்கூட இந்த உபசாரம் இல்லை என்று வியந்துகொண்டே சுற்றிப் பார்த்தேன்.

ஒரு மேசையில் மூன்று பேர் சீட்டைக் கலைத்துக் கலைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது நாற்காலி காலி. நிசாம் வீட்டுக்குள் போயிருந்தார். நான் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரிமுத்து என்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“முந்நூத்திநாலு தெரியுங்களா?”

“சொல்லிக் குடுங்க. ஒரு ரவுண்டுல பிடிச்சுக்குவேன்.”

அந்த ஆட்டத்தில் ராஜாவைவிட ஜாக்கி பெரியவன். இரண்டு பேர் ஒரு கட்சி. மாரிமுத்து என் கூட்டாளி. மூன்றாவது ஆட்டத்தில் துருப்பு ஜாக்கி என் கைக்கு வந்தது. கடைசிவரை அமுக்கி வைத்திருந்து, மேசை அதிர அறைந்து, எழுந்து நின்று ஒரு விசில் அடித்தேன் பாருங்கள், நமுனுகுல மலை திருப்பி அடித்தது.

பந்தல் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் திறந்திருந்த கதவைப் பார்த்தேன். உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. பக்கத்தில் பெட்டி. பெட்டிக்குள் ஒருவர்.

பிணத்தைத் தனியே விடாமல் ஆட்கள் கூடவே இருப்பதற்காக முற்றத்தில் சீட்டாடுவது அந்தப் பக்கத்து வழக்கம், வெள்ளைக் கொடி சாவுக்கு அடையாளம் என்று பிறகுதான் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்தது பெட்டிக்குள் இருந்தவரின் நாற்காலி.

தலைவிரி கோலமாக அவர் மனைவி வாசலுக்கு வந்தார்.

“யாரு ஜெயிச்சது?”

“இந்தா, இந்தியாவுல இருந்து வந்தவரு,” என்றார் மாரிமுத்து.

“அவரும் இப்பிடித்தான் விசிலடிப்பாரு. ஒரு நாளும் ஜெயிச்சதில்ல,” என்று சிரித்தார் அந்த அம்மா. சிரிப்பு அப்படியே அழுகையானது. காலையிலிருந்து அழவே இல்லையாம். பெண்கள் ஓடிவந்து அணைத்துக்கொண்டார்கள்.

நான் மெல்லப் பின்வாங்கினேன். மாரிமுத்து கையைப் பிடித்தார். “அவரு எடத்துல ஒக்காந்துட்டீங்க. எடுக்குற வரைக்கும் இருங்க.”

இருந்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து போய் ஒரு பிடி மண்ணும் போட்டேன். கிளம்பும்போது பதற்றத்தில், சாவு வீட்டில் எவனும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்: “போயிட்டு வர்றேங்க.” (நிசாம் என்னை ஆட்டோவுக்குள் தள்ளினார்.)

விடுதி வாசலிலேயே நின்று, சாவு வீட்டிலிருந்து வருகிறேன், குளிக்காமல் நான் உள்ளே வரக் கூடாது என்றேன். சுமதி என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு செத்தது?”

“பேரு தெரியல.”

“எங்கப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போட வரல. பேரு தெரியாத ஆளுக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். சொன்னபடியே அம்மா வீட்டுக்கும் போனாள். பத்து நாள் இருந்து, சொந்தபந்தம் ஒன்று விடாமல் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது அவர்கள் பக்கம் எந்தச் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவன் நான்தான். “பதுளைக்காரர் வந்துட்டாரு, விசில் அடிக்காமப் பாத்துக்குங்க” என்பான் மைத்துனன். துக்கத்திலும் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எடுக்கும் வரை இருக்கிறேனா என்று சுமதி உள்ளேயிருந்து ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். இருப்பேன்.